பின்வரிசை ஆட்டக்காரனின் பிழைப்பு



சென்ற வாரம் ஒருநாள், முதற்பாட மணி அடித்துச் சற்று நேரத்தில், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகப்பனார் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தவர், 'உட்காருங்கள்' என்று நான் மும்முறை சொன்ன பின்னரே நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். அவருடைய மகன் எங்கள் பாடசாலையில் பதினோராந் தரத்திற் படிக்கிறான். உயரமான பையன், அதிகம் பேசமாட்டான், உதைபந்தாட்டக் குழுவிற் பின்வரிசையில் நிற்பவன். கண்டியிலுள்ள ஒரு கழகத்தார் அவனுடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வாரத்தில் இருமுறை மாலைப் பயிற்சிக்கு வரும்படி சொல்லியிருக்கிறார்களாம். சாதாரண தரப் பரீட்சையோ நெருங்கி வருகிறது. தகப்பனார் நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பந்தடிச்சு இவன் பொழைச்சுக்குவானாங்க, ஐயா?" என்று கேட்டார்.

ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டு கழித்தவனுக்கு இத்தகைய கேள்விக்கு உடனடியாக ஒரு விடை நாவின் நுனியில் இருக்கும். 'முதலிற் படிக்கட்டும்' என்பதே அவ்விடை. அன்று என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு; பின்னர் சொல்கிறேன். திங்கட்கிழமை மீண்டும் வரும்படி கேட்டுக்கொண்டு அவரை அனுப்பிவைத்தேன். இன்று நான் பேசப்போவது, இந்த இடைவெளியில் அக்கேள்வியைப் பற்றி நான் எண்ணியவைகளே. ஆட்டத்தின் உச்சியில் இருப்பவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதுகின்றன. நான் பேச விரும்புவது அதன் அடிவாரத்தில், பகலில் ஒரு வேலையும் மாலையில் ஒரு மைதானமுமாக வாழ்கின்ற பின்வரிசை ஆட்டக்காரனைப் பற்றியது.

பின்வரிசை என்றால் என்ன என்பதை முதலில் விளக்கிவிடுவது நல்லது. 1872ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி கிளாஸ்கோ நகரில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய ஆட்டமே நாடுகளுக்கிடையில் நடந்த முதலாவது உதைபந்தாட்டம் எனக் கொள்ளப்படுகிறது. அதில் ஸ்கொட்லாந்துக்காரர் இருவரைப் பின்னே நிறுத்தினர். இங்கிலாந்துக்காரர் ஒருவரோடு நிறுத்திக்கொண்டனர். மற்றையோரிற் பெரும்பாலார் பந்தின் பின்னால் மந்தைபோல் ஓடினர். அப்படியிருந்தும் ஒருவரும் ஒரு கோலும் அடிக்கவில்லை. பின்னர் நெடுங்காலம் பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என்ற ஒழுங்கே நிலைத்திருந்தது.

இந்த ஒழுங்கைக் குலைத்தது ஒரு விதிமாற்றம். முன்னே நிற்பவனுக்கும் எதிரணியின் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியார் மூவர் இருக்கவேண்டும், இல்லாவிடில் 'ஓப்சைட்' என்றிருந்த விதியை 1925இல் இருவர் என்று தளர்த்தினார்கள். அவ்வளவுதான், கோல்கள் மழையாகப் பொழியத் தொடங்கின. அதற்கு மாற்றாக லண்டன் ஆர்சனல் கழகத்தின் முகாமையாளர் ஹேர்பேட் சப்மன், நடுவரிசையின் மத்தியில் நின்றவனைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது காவற்காரனாக்கினார். 1958இல் உலகக் கிண்ணத்தை வென்ற பிரேசில் நாட்டார் நால்வரைப் பின்னே நிறுத்தினர். இன்று எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் நால்வரையே நிறுத்துகிறார்கள். 1992இல் இன்னொரு மாற்றம் வந்தது: தன் அணியான் வேண்டுமென்றே காலால் அனுப்பும் பந்தைக் கோல் காப்பாளர் கையாற் பிடிக்கலாகாது என்றார்கள். ஆபத்து வந்தால் பின்னுக்குத் தட்டிவிட்டு மூச்சுவிடலாம் என்றிருந்த பழைய 'பேக்' அன்றோடு ஓய்ந்தான். பந்தை நிறுத்தவும் திருப்பவும் நிதானமாக அனுப்பவும் தெரிந்தவனே அதன்பின் அவ்விடத்தில் நிற்க முடிந்தது.

இனி, அவன் செய்கின்ற வேலை. பார்வையாளர் கண்ணுக்குப் பந்தைப் பறிப்பவனே கெட்டிக்காரப் பின்வரிசைக்காரன். ஆனால் அனுபவசாலிகள் அப்படிச் சொல்வதில்லை. பறிக்கப் பாய்கின்றவன் ஒருமுறை தவறினால் அவனுக்குப் பின்னால் வெறுவெளி. ஆகவே அவன் முதலிற் கற்பது பாயாமல் இருப்பதையே. நேருக்கு நேராக நிற்காமல், ஒரு தோளை முன்னே விட்டுப் பக்கவாட்டாக நின்று, முழங்காலைச் சற்று மடித்து, எதிரியின் காலைப் பாராமல் பந்தையே பார்த்துக்கொண்டு, எட்டாத தூரமும் அல்லாமல் ஏமாறும் தூரமும் அல்லாமல் பின்வாங்கிப் பின்வாங்கிச் செல்லவேண்டும். எதிரியின் பலமான கால் எது என்று அறிந்து, அவனைப் பலவீனமான பக்கமாக, எல்லைக்கோட்டை நோக்கி ஒதுக்கவேண்டும். எல்லைக்கோடும் ஒரு காவற்காரன்தான். அவன் களைப்பதுமில்லை, சம்பளம் கேட்பதுமில்லை. இதற்கிடையில் தன் வரிசையிலுள்ள மற்ற மூவரும் எங்கே நிற்கின்றார்கள் என்பதையும் ஓரக்கண்ணால் கவனித்துக்கொள்ளவேண்டும். ஒருவன் ஓரடி பின்தங்கினாலும் 'ஓப்சைட்' கோடு உடைந்துபோம்.

இவ்வளவும் நன்றாக நடந்தால் என்ன நிகழும்? ஒன்றும் நிகழாது. அதுதான் இத்தொழிலின் துரதிர்ஷ்டம். முன்வரிசைக்காரன் எட்டுச் சந்தர்ப்பங்களைக் கெடுத்து ஒன்பதாவதைக் கோலாக்கினால் அவனைத் தோளில் தூக்கிச் செல்கிறார்கள். பின்வரிசைக்காரன் எட்டு ஆபத்துக்களைத் தடுத்து ஒன்பதாவதில் வழுக்கி விழுந்தால், அந்த வழுக்கலே ஊரின் பேச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் மாத்தளை மைதானங்கள் இருக்கும் நிலையைக் கண்டவர்களுக்கு வழுக்காமல் நிற்பதே ஒரு வித்தை என்பது விளங்கும்.

பிழைப்பு என்ற பகுதிக்கு வருவோம். இங்கிலாந்தில் ஆட்டத்திற்குக் கூலி வாங்குவது 1885 வரை விதிக்குப் புறம்பானது. அவ்வாண்டில் அதை அனுமதித்தார்கள். 1901இல் வாரத்துக்கு 4 பவுணுக்கு மேற் கொடுக்கலாகாது என்று உச்சவரம்பும் விதித்தார்கள். அவ்வரம்பு மெல்ல மெல்ல உயர்ந்து 20 பவுணில் நின்றபோது, 1961இல், ஆட்டக்காரர் சங்கத்தின் போராட்டத்தினால் அடியோடு நீக்கப்பட்டது. இன்று கேள்விப்படும் கோடிகள் யாவும் அந்தக் கதவு திறந்த பிறகு வந்தவை. ஆனால் அக்கோடிகள் பாய்வது மேல்மட்டத்தில். முழுநேரத் தொழிலாக ஆட்டத்தை நடத்தும் மேல் நான்கு பிரிவுகளின் கீழே, படிப்படியாக இறங்கும் நூற்றுக்கணக்கான கழகங்கள் அந்நாட்டில் உண்டு. அவற்றில் ஆடுகிறவன் காலையில் தச்சுவேலைக்கோ தபாற்கந்தோருக்கோ செல்கிறான். செவ்வாய், வியாழன் மாலைகளிற் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். கழகம் கொடுப்பது ஒரு துணைச் சம்பளம். இவனை அரைத் தொழில் ஆட்டக்காரன் என்கிறார்கள். 'அரை' என்பது பணத்தைக் குறிக்கும் சொல். உழைப்பில் அரை என்று ஒன்றில்லை.

இவ்வகையினருள் யாவரும் அறிந்த ஒருவர் ஸ்டுவர்ட் பியர்ஸ். 1962இல் லண்டனிற் பிறந்தவர். இடது பக்கப் பின்வரிசைக்காரர். பையனாயிருந்தபோது ஒரு பெரிய கழகத்திற் பரீட்சித்துப் பார்த்து, வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். அவர் மின்சார வேலை பழகச் சென்றார். 1978இல் வீல்ட்ஸ்டன் என்ற சிறு கழகத்திற் சேர்ந்து, பகலில் கம்பி இழுப்பதும் மாலையில் பந்து தடுப்பதுமாக ஐந்தாண்டுகளைக் கழித்தார். 1983இல் கொவென்ற்ரி கழகத்தின் முகாமையாளர் இவருடைய ஆட்டத்தைக் கண்டு, 30,000 பவுண் கொடுத்து இவரை எடுத்துக்கொண்டார். மனிதர் உடனே துள்ளிக் குதித்துப் போய்விடவில்லை, தயங்கினார். கையிலே ஒரு தொழில் இருக்கிறது. சிறு கழகத்தின் துணைச் சம்பளமும் இருக்கிறது. இவ்விரண்டையும் விட்டுவிட்டு, காலொன்று முறிந்தால் முடிந்துபோகும் ஒரு வாழ்வுக்குப் போவதா என்ற தயக்கம். ஒருவாறு போனார். 1985இல் நொட்டிங்ஹம் பொரெஸ்ட் என்ற பெரிய கழகத்துக்கு மாறினார். அங்கே போன புதிதில் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது: ஆட்டநாளில் விற்கும் நிகழ்ச்சித் தாளில், மின்சார வேலைகள் செய்து தரப்படும் என்று தம் பெயரில் ஒரு விளம்பரம் போட்டுவைத்தார்! நாட்டின் முதற் பிரிவில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர், ரசிகர் வீட்டு மின்கம்பிகளைத் திருத்தித் தரத் தயாராயிருந்தார் என்றால், அந்தப் பழைய பயம் எவ்வளவு ஆழமானது என்று எண்ணிப் பாருங்கள்.

பின்னர் அவர் இங்கிலாந்து நாட்டுக்காக 78 முறை ஆடினார். 1990 உலகக் கிண்ண அரையிறுதியில், மேற்கு ஜேர்மனிக்கு எதிராக அவர் உதைத்த தண்ட உதை காப்பாளரின் காலிற் பட்டுத் திரும்பியது, இங்கிலாந்து தோற்றது. ஆறாண்டு கழித்து ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில், ஸ்பெயினுக்கு எதிராக, அதே உதையை மீண்டும் எடுக்க அவரே முன்வந்து, அடித்துக் காட்டினார். 2016இல், வயது ஐம்பத்துமூன்றில், அடிமட்டப் பிரிவில் ஆட்டமெல்லாம் தோற்றுக்கொண்டிருந்த லோங்போட் என்ற கிராமத்துக் குழுவில் சேர்ந்து ஆடவும் செய்தார். அது ஒரு விளம்பர ஏற்பாட்டின் பகுதிதான். ஆனாலும் ஏணியின் கீழ்ப்படியில் தொடங்கியவர் மீண்டும் அங்கே வந்து நின்றதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

ஆயினும் பியர்ஸ் ஒரு விதிவிலக்கு. ஆயிரத்தில் ஒருவரைக் காட்டித் தகப்பன்மாரை மயக்குவது நேர்மையல்ல. ஆசியாவிலே, நமக்கு அண்மையில், வேறொரு வகை வாழ்வைக் காண்கிறோம். கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தில் 1942 முதல் 1960 வரை பின்வரிசையில் நின்ற சைலேன் மன்னா என்பவர், இந்தியாவின் பெயர்பெற்ற தலைவர்களில் ஒருவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியக் குழு பிரான்சிடம் 2–1 என்ற கணக்கில் தோற்றது. சாரங்கபாணி ராமன் அடித்த அந்த ஒரு கோலை எல்லாரும் நினைவுகூர்கிறார்கள். அதே ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு தண்ட உதைகள் வீணாயின. அவற்றுள் ஒன்றை உதைத்தவர் மன்னா. மூன்றாண்டு கழித்து, 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்ற குழுவுக்குத் தலைவரும் அவரே. மறு ஆண்டு ஹெல்சிங்கியிலே, குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்ற குழுவுக்கும் அவரே தலைவர். ஒரு பின்வரிசைக்காரனின் ஏட்டில் பொன்னும் புண்ணும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும்.

அந்தக் காலத்தில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் ஆடிய போட்டியொன்று உண்டு. 1952இல் கொழும்பிலே தொடங்கியபடியால் அதைக் கொழும்புக் கிண்ணம் என்றே அழைத்தார்கள். ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று ஆண்டுக்கொரு நகராய் 1955 வரை நடந்தது. இவ்வளவு புகழுக்கும் இடையில் மன்னாவின் வீட்டில் அடுப்பெரிந்தது எதனால்? இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தில் அவர் பார்த்த உத்தியோகத்தினால். கழகம் கொடுத்தது கௌரவம். கந்தோர் கொடுத்தது சம்பளம். 1971இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2012இல் தமது 87ஆம் வயதிற் காலமானார்.

நமது நாட்டின் வழியும் பெரும்பாலும் இதுவே. இலங்கையின் உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் தோன்றி, 1952இல் உலகச் சம்மேளனத்திற் சேர்ந்தது. ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டவை தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவையும், சில வர்த்தக நிறுவனங்களுமே. அங்கே சேர்ந்தவன் உடுப்புக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்துக்கு வியர்வை சிந்துகிறான். கால் ஓய்ந்தாலும் உத்தியோகம் ஓய்வதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் தோட்டத்துப் பிள்ளைகளிற் பலருக்கு, நாடறிந்த காரணங்களால், அந்தக் கதவருகில் போய் நிற்பதே நெடுங்காலம் இயலாத காரியமாயிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2021இல் பத்துக் கழகங்களோடு 'சுப்பர் லீக்' என்ற போட்டி தொடங்கியது. ஆட்டத்தைத் தொழிலாக்கும் முயற்சி அது. படைகளின் கழகங்கள் புதுப்பெயர் சூடி வந்தன. தரைப்படையின் குழுவுக்கு வைத்த பெயர் 'டிபெண்டர்ஸ்'. பின்வரிசைக்காரனுக்கு இந்நாட்டில் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுவாகத்தான் இருக்கும்! கொழும்பின் ரத்தினம், ரினோன் போன்ற பழைய பெயர்கள் அங்கே இருந்தன. களுத்துறையின் புளூ ஸ்டார் கழகம் கிண்ணத்தை வென்றது. மலைநாட்டிலிருந்து நாவலப்பிட்டியின் 'அப்கன்றி லயன்ஸ்' கழகம் ஆடியது. மாத்தளைக்கு அப்பத்தில் இடமில்லை. தொற்றுநோய்க் காலமாதலால் அப்போட்டி இடையிடையே தடைப்பட்டது. அதன்பின் 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனம் நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதத்திலேதான் தடை நீங்கியது. நிருவாகிகளின் பிணக்கு நிருவாகிகளோடு நிற்பதில்லை. இருபத்தொரு வயதில் உச்சத்தில் இருக்கும் ஒருவனுக்கு ஏழு மாதம் என்பது, மேசைக்கருகில் இருப்போர் எண்ணும் ஏழு மாதமன்று.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2003இல் என்னிடம் உயர்தரம் படித்த மாணவர் ஒருவர் இருந்தார். எல்கடுவைப் பக்கத்து லயமொன்றிற் பிறந்தவர். இடது பக்கப் பின்வரிசைக்காரர். அவரை மடக்கிப் போன முன்வரிசைக்காரனை நான் கண்டதில்லை என்று எழுதினால் அழகாயிருக்கும்; ஆனால் உண்மையில் நான் அவருடைய ஆட்டத்தை அக்காலத்திற் பார்த்ததேயில்லை. சரித்திரமும் தமிழும் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு மைதானம் தூரமாயிருந்தது. பரீட்சை முடிந்து சில வாரத்தில், ஒரு துண்டுக் கடதாசியோடு அவர் என் வீட்டுக்கு வந்தார். கொழும்புக் கழகமொன்றின் செயலாளர் எழுதிக் கொடுத்த தொலைபேசி இலக்கம் அதில் இருந்தது. தங்க இடம் தருவார்கள், துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் வேலையும் பார்த்துத் தருவார்கள் என்றார். நான் அவரை அரைமணி நேரம் இருத்தி வைத்துப் புத்தி சொன்னேன். வீட்டிலே மூன்று தங்கைமார். மாத்தளை நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கெழுத ஆள் தேடுகிறார்கள். முதலில் அந்த வேலையில் அமரவேண்டும். "விளையாட்டு எங்கே தம்பி போய்விடப் போகிறது?" என்று கேட்டேன். "சரி, சேர்" என்று எழுந்து போனார்.

போய்விடத்தான் போயிற்று, ஆனால் முழுவதும் போய்விடவில்லை. கடையில் இருந்துகொண்டே மாத்தளை லீக்கில் ஆடினார். இரண்டாண்டு கழித்துக் கண்டிக் கழகமொன்று அவரைக் கீழ்ப்பிரிவுக்கு எடுத்தது. செவ்வாய், வியாழன் மாலைகளில் ஐந்து மணிக்குக் கடையிலிருந்து இறங்கி, 16 மைல் பஸ்ஸில் போய், பயிற்சி முடித்து, கடைசிப் பஸ்ஸில் திரும்புவார். அதைத் தவறவிட்ட இரவுகளில் கண்டிப் பஸ் நிலையத்திலேயே விடியும்வரை இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். முதலாளி நல்லவர்தாம், ஆனால் பண்டிகைக் காலத்து ஞாயிறுகளில் கடை திறந்திருக்கும்போது ஆட்டத்துக்குப் போனால் அந்நாட் சம்பளத்தை வெட்டிவிடுவார். இவ்வாறு பதினைந்து ஆண்டுகள்.

இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் ஒரு கொப்பி வைத்திருந்தார். பாடசாலைக் கொப்பிதான், கணக்கெழுதுகிறவரல்லவா! ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி: திகதி, இடம், எதிரே வந்தவனின் பலமான கால், முடிவு, வரவு, செலவு. வரவுப் பக்கத்தில் கழகம் கொடுத்த ஆட்டப்படி; சில மாதங்களில் அதுவுமில்லை, ஒரு சோற்றுப் பார்சல் மாத்திரம். செலவுப் பக்கத்தில் பஸ் கட்டணம், சப்பாத்து, கட்டுத்துணி, தைலம். சில ஆண்டுகளிற் செலவே கூட. பதினைந்தாண்டில் அவர் அடித்த கோல்கள் மூன்று; தன் பக்கமே தவறி அடித்தவை இரண்டு. அந்த இரண்டையும் சிவப்பு மையால் எழுதியிருந்தார்.

2012இல், வட்டமிட்டுத் திரும்பும்போது ஒருவரும் தொடாமலே அவருடைய முழங்கால் மடிந்தது. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் இணையம் அறுந்துவிட்டது என்றார்கள். ஓடுகிறவனைவிடத் திடீரென்று நின்று திரும்புகிறவனுக்கே இக்காயம் அதிகம் நேரும். பின்வரிசைக்காரனின் வேலையோ நின்று திரும்புவது. சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதமாவது பொறுக்கவேண்டும். முழுநேரத் தொழிலாளனுக்கு அக்காலத்திலும் கழகம் சம்பளம் கொடுக்கும். இவருக்குக் கழகமும் கொடுக்கவில்லை. கடையில் நிற்க முடியாதபடியால் அங்கும் பாதிச் சம்பளம். கொப்பியில் அவ்வாண்டுக்குரிய பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தார், கிழித்தெறியவில்லை.

2018இல் அவருடைய கடைசி ஆட்டத்துக்கு நான் போனேன். அதுதான் நான் பார்த்த முதல் ஆட்டமும். முப்பத்துநான்கு வயதில், இருபது வயதுப் பையன் ஒருவனைத் தொண்ணூறு நிமிடமும் எல்லைக்கோட்டுப் பக்கமே ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட விழவில்லை. ஒருமுறைகூடப் பாயவில்லை. பார்வையாளர் எவரும் அவர் பெயரைச் சொல்லிக் கூவவுமில்லை. ஆட்டம் முடிந்து வந்து கொப்பியை என் கையில் தந்தார். பின்னட்டையின் உட்புறத்தில், பசை காய்ந்து மஞ்சளித்துப் போய், அந்தத் துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. கொழும்பு இலக்கம். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். தேநீர் குடிக்கலாம், வாருங்கள், என்று அழைத்துப் போனார்.

நான் சொன்ன புத்தி பிழை என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தங்கைமார் மூவரும் கரையேறினார்கள். அந்தக் கடைச் சம்பளமே அதற்கு உதவியது. சரி என்றும் சொல்ல முடியாது. ஒன்று மாத்திரம் தெரியும்: அவருடைய ஆட்டத்தை ஒருநாளும் பார்க்காமல் அதைப் பற்றித் தீர்ப்புக் கூறினேன். சென்ற வாரம் அந்தத் தகப்பனாருக்கு விடை சொல்ல நாவெழாததன் காரணம் இதுதான்.

இன்னுமொரு விடயம், பெற்றோர் இதனை அறியவேண்டும். பின்வரிசைக்காரன் உயரப்பந்தைத் தலையால் அடித்து வெளியேற்றுகிறவன். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார், முன்னாள் தொழில் ஆட்டக்காரர் 7,676 பேரின் மரண விபரங்களையும் மருந்து விபரங்களையும் ஆராய்ந்து 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இருதய நோயால் இறப்பது அவர்களிடையே குறைவு. ஆனால் மறதிநோய் முதலிய மூளைத் தேய்வு நோய்களால் இறப்பது மற்றையோரைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 2021இல் அதே ஆய்வாளர், ஆடிய இடத்தைக் கொண்டு பிரித்துப் பார்த்தபோது, கோல் காப்பாளருக்கு ஆபத்துப் பொதுமக்களோடு ஒத்ததாகவும், பின்வரிசைக்காரருக்கு ஏறக்குறைய ஐந்து மடங்காகவும் இருக்கக் கண்டார்கள். ஆராயப்பட்டவர்கள் 1976க்குள் பிறந்த தொழில் ஆட்டக்காரர்கள். ஆண்டாண்டாக நாள்தோறும் பயிற்சி செய்தவர்கள். வாரத்துக்கு ஒருநாள் ஆடும் நம் பையன்களுக்கு அக்கணக்கை அப்படியே பொருத்துவது தவறு. ஆயினும் இங்கிலாந்தில் 2020 முதல், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சியின்போது தலையாற் பந்தடிக்கப் பழக்குவதை நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் பாடசாலையிலும் சிறுவர் பிரிவில் அப்படியே செய்யும்படி விளையாட்டாசிரியருக்குச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இது அவ்வளவு சம்மதமில்லை, இருந்தும் செய்கிறார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தகப்பனாரும் பையனும் வருகிறார்கள். கொப்பிக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன். கடையில் பத்துமணி வரை விடுமுறை கேட்டிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சை வரை கண்டிப் பயணத்தை வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைக்கக் கழகத்தார் சம்மதிப்பார்களா, வரும்போது பையன் எந்தப் பஸ்ஸில் வருவான், காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, இவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்று தொலைபேசியில் அவரே வரிசையாகச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். பேச்சை முடிக்குமுன் ஒன்று கேட்டார்.

"பையனுக்கு எந்தக் கால் வாய்ப்பு, சேர்?"

எனக்குத் தெரியவில்லை. நாளை மாலை மைதானத்துக்குப் போய்ப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.